புலிப்பொறியும் பெயர்ச்சீட்டும்

காவிரிப்பூம்பட்டினத்தின் துறைமுகத்தையும் கடைத்தெருவையும் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், பட்டினப்பாலையில் வணிகம் பற்றி இரண்டு செய்திகளை நமக்கு விட்டுச் சென்றார். துறையில் வந்து குவிந்த பண்டங்களின்மேல் சோழனின் புலிச் சின்னம் பொறிக்கப்பட்டது என்பது ஒன்று. அந்நகரத்து வணிகர் வாங்கும்போது மிகுதியாகக் கொள்ளாமலும், கொடுக்கும்போது குறைத்துக் கொடாமலும் நடுநிலை தவறாது வாழ்ந்தனர் என்பது மற்றொன்று. முன்னது அரசின் கடமையைக் காட்டுகிறது. பின்னது வணிகனின் மனச்சான்றைக் காட்டுகிறது. பண்டத்தின்மேல் இடப்படும் குறியும், அக்குறிக்குப் பின்னே நிற்கும் நெஞ்சும் ஒன்றையொன்று தாங்கி நின்றாலன்றி வாணிகம் நிலைபெறாது என்பதே அப்பழம்பாட்டு உணர்த்தும் உண்மையாகும்.

இன்று அப்புலிப்பொறியின் இடத்தில் லேபிள் என்று மக்கள் வழங்கும் பெயர்ச்சீட்டு வந்து அமர்ந்திருக்கிறது. சவர்க்காரம், தலைக்கு இடும் எண்ணெய், முகப்பூச்சு, குளியல் பொடி ஆகியவற்றின் மேல் ஒட்டப்படும் அச்சிறு தாளில் இக்காலத்தில் மிகுதியாகக் காணப்படும் சொற்கள் இரண்டு. ஒன்று ‘இயற்கை’, மற்றொன்று ‘ஆர்கானிக்’. இச்சொற்கள் எங்கிருந்து வந்தன? இவற்றை எழுதும் உரிமை யாருக்கு உண்டு? தம் வீட்டு அடுக்களையில் நூறு புட்டிகள் செய்து வாரச் சந்தையில் விற்கும் எளியவர் இவற்றை எவ்வாறு ஆளவேண்டும்? இவ்வினாக்களுக்கு விடை காண வரலாற்றின் துணையை நாடுதல் பொருந்தும். அவ்வரலாற்றில் பினாங்குத் தீவுக்கும், அதன் கிழக்குக் கரையில் அமைந்த கெலுகோருக்கும் ஓர் இடம் உண்டு.

மாதவியின் நீராட்டு

உடலைப் பேணும் கலை தமிழர்க்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில், மாதவி தன் கூந்தலை நீராட்டிய செய்தியை இளங்கோவடிகள் விரித்துரைக்கிறார். பத்து வகைத் துவர்ப் பொருள்களும், ஐந்து வகை விரைப் பொருள்களும், முப்பத்திரண்டு வகை ஓமாலிகைப் பொருள்களும் ஊறிய நீரிலே அவள் கூந்தல் நலம்பெற ஆட்டப்பட்டது. கூட்டிப் பார்த்தால் நாற்பத்தேழு பொருள்கள். உரையாசிரியர் அடியார்க்குநல்லார் அத்தொகைகளுக்கு விரிவும் தந்து, இன்னின்ன பொருள்கள் என்று பெயர் சுட்டிச் செல்கிறார்.

இங்கே கருதத்தக்கது ஒன்றுண்டு. காப்பியப் புலவர் நறுமணத்தை மட்டும் புகழ்ந்துவிட்டு நின்றிருக்கலாம். அவரோ எண்ணிக்கையைச் சொன்னார். உரைகாரர் பெயர்களைச் சொன்னார். கலந்த பொருள்களை எண்ணிச் சொல்லுதலும் பெயர் சுட்டிச் சொல்லுதலும் அன்றே அறிவுடையோர் வழக்கமாய் இருந்தன. இந்நாளில் உலக நாடுகள் சட்டம் இயற்றிக் கேட்பதும் இதனையே அன்றோ?

பிற்காலத் தமிழ் இல்லங்களில் சீயக்காய், அரப்பு, பூந்திக்கொட்டை, பயற்றமாவு, கத்தூரி மஞ்சள், நல்லெண்ணெய் ஆகியவை இப்பணியைச் செய்தன. சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் நுரை தரும் சப்போனின் என்னும் பொருள் இயல்பாகவே அமைந்துள்ளது. அவற்றை இடித்தவரும் தேய்த்துக் கொண்டவரும் ஒரே வீட்டார் ஆதலின், பெயர்ச்சீட்டுக்கு அங்கே வேலை இல்லை. செய்பவரும் பயன்படுத்துபவரும் வெவ்வேறு மனிதராகி, அவர்கள் இடையே கடையும் கடலும் வந்து நின்ற பின்னரே பெயர்ச்சீட்டு இன்றியமையாததாயிற்று.

கெலுகோரும் சாதிக்காயும்

அவ்வாறு கடல் கடந்த வணிகத்தின் நடுவே எழுந்த ஊர்களுள் ஒன்று கெலுகோர். புளிப்புச் சுவைக்காகக் குழம்பில் இடப்படும் அசாம் கெலுகோர் மரத்தின் பெயரே இவ்வூரின் பெயராகவும் விளங்குகிறது. 1786-ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் பினாங்கில் குடியேற்றத்தை நிறுவிய பின்னர், நறுமணப் பயிர்களை இத்தீவில் வளர்க்கக் கிழக்கிந்தியக் கம்பெனியார் பெரிதும் முயன்றனர். சாதிக்காயும் கிராம்பும் அதுவரை மொலுக்கஸ் தீவுகளில் டச்சுக்காரரின் தனியுரிமையாய் இருந்தன. ஆங்கிலேயர் அத்தீவுகளைக் கைப்பற்றியபோது அங்கிருந்து நாற்றுகள் பினாங்குக்கு வந்தன. ஸ்காட்லாந்து நாட்டவரான டேவிட் பிரவுன் கெலுகோரில் பெருந்தோட்டம் அமைத்து மிளகு, சாதிக்காய், கிராம்பு ஆகியவற்றை விளைவித்தார். அவர் 1825-இல் மறைந்த பின்னரும் அவர் குடும்பத்தார் அத்தோட்டத்தைப் பேணினர். 1860-ஆம் ஆண்டை ஒட்டிப் பரவிய நோயால் தீவின் சாதிக்காய்த் தோட்டங்கள் பட்டுப்போயின எனினும், சாதிக்காயின் புகழ் பட்டுப்போகவில்லை. இன்றும் பினாங்குக்கு வரும் பயணிகள் வாங்கிச் செல்லும் பொருள்களுள் சாதிக்காய் எண்ணெயும் தைலமும் சிறப்பிடம் பெறுகின்றன.

இச்சிறு புட்டியே நம் பொருளுக்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும். சாதிக்காயை நீராவியில் வடித்தெடுத்தால் கிடைப்பது எளிதில் ஆவியாகும் நறுமண எண்ணெய். சாதிக்காயைத் தேங்காயெண்ணெயில் ஊறவைத்தோ காய்ச்சியோ எடுத்தால் கிடைப்பது வேறொரு பொருள். மண்ணெண்ணெயின் மூலமான பாறையெண்ணெயிலிருந்து தூய்மை செய்து பெறப்படும் கனிம எண்ணெயில் சிறிது நறுமண எண்ணெயைக் கலந்தால் கிடைப்பது மூன்றாவது பொருள். மூன்றின்மேலும் ‘சாதிக்காய் எண்ணெய்’ என்று எழுதுதல் கூடும். மூன்றும் ஒன்றல்ல என்பதைக் கண்ணால் கண்டு அறிதல் வாங்குவோர்க்கு எளிதன்று. எழுதுகிறவர் சொன்னால்தான் தெரியும். பெயர்ச்சீட்டின் வாய்மை தேவைப்படும் இடம் இதுவேயாகும்.

சவர்க்காரமும் சட்டமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் கலப்படம் தலைவிரித்தாடியது. ஆர்தர் ஹில் ஹாசல் என்னும் மருத்துவர், கடைகளில் விற்ற உணவுப் பொருள்களை வாங்கி நுண்பெருக்கியில் ஆராய்ந்தார். அவர் கண்ட முடிவுகளை 1851 முதல் ‘லான்செட்’ என்னும் மருத்துவ இதழ் வெளியிட்டது. பொருள் விற்றவர்களின் பெயர்களையும் அவ்விதழ் துணிந்து அச்சிட்டது. கலப்படம் செய்தவர் வெட்கினர். கலப்படம் செய்யாதவர் தலைநிமிர்ந்தனர். அதன் பயனாக 1860-இலும் 1875-இலும் அந்நாட்டில் சட்டங்கள் பிறந்தன. பொய் விற்பவனைத் தடுப்பது வாங்குவோரை மட்டும் காப்பதன்று, மெய் விற்பவனையும் காப்பதாகும் என்னும் பாடத்தை இவ்வரலாறு புகட்டுகிறது.

அதே நூற்றாண்டின் இறுதியில் சவர்க்காரம் பெயர் தாங்கி வரத் தொடங்கியது. லீவர் சகோதரர்களின் ‘சன்லைட்’ சவர்க்காரம் 1888-இல் கல்கத்தாத் துறைமுகத்தில் வந்திறங்கியது. செய்த நாட்டின் பெயரும் செய்தவரின் பெயரும் அக்கட்டிகளில் பொறிக்கப்பட்டிருந்தன. அக்கால மேனாட்டுச் சவர்க்காரங்கள் பலவற்றில் விலங்குக் கொழுப்பு சேர்ந்திருந்தது. அதனை விரும்பாத இந்திய மக்கள்பொருட்டு, முதல் உலகப் போர் முடிந்த காலத்தை ஒட்டி, அர்தேஷிர் கோத்ரெஜ் தாவர எண்ணெயால் மட்டுமே சவர்க்காரம் செய்து விற்றார். உள்ளே என்ன இருக்கிறது என்பதும், என்ன இல்லை என்பதும் மக்களின் மானத்தையும் சமயத்தையும் தொடும் செய்திகள் என்பதை அந்தச் சவர்க்காரம் மெய்ப்பித்தது.

உடற்பூச்சுப் பொருள்களைச் சட்டம் பிந்தியே கண்டுகொண்டது. 1906-ஆம் ஆண்டின் அமெரிக்கத் தூய உணவு மருந்துச் சட்டம் அவற்றைத் தீண்டவில்லை. 1930-களில் ‘லாஷ் லூர்’ என்னும் இமைச்சாயம் அந்நாட்டில் விற்கப்பட்டது. அதனைத் தீட்டிக்கொண்ட பெண்கள் சிலர் கொடிய புண்ணுக்கு ஆளாயினர். கண்ணொளியையே இழந்தவரும் உண்டு. அதில் இருந்த பொருள் பாரா பினைலீன் டையமின். இத்தகைய கேடுகளுக்குப் பின்னரே 1938-ஆம் ஆண்டின் சட்டம் அழகுப் பொருள்களையும் தன் ஆளுகைக்குள் கொணர்ந்தது. இந்தியாவில் 1940-ஆம் ஆண்டின் மருந்துச் சட்டத்தில் 1962-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாகவே அழகுப் பொருள்கள் இடம்பெற்றன.

இது பழங்கதை என்று ஒதுக்கிவிட இயலாது. அதே பாரா பினைலீன் டையமின் இன்று ‘கருமருதாணி’ என்னும் பெயரில் மணமக்களின் கையிலும் சிறுமியரின் கையிலும் ஏறுகிறது. மருதாணி இலை இயல்பாகத் தருவது செம்மை கலந்த பழுப்பு நிறமே. சில நிமிடங்களில் கன்னங்கரேலென்று பற்றும் கூழில் இலையைவிடச் சாயமே மிகுதி எனலாம். ஆயினும் அதனை விற்பவர் ‘இயற்கை மருதாணி’ என்றே கூவுகிறார். கொப்புளம் எழுந்தபின் அக்கூவலால் பயன் என்ன?

‘ஆர்கானிக்’ என்னும் சொல்

இனி, ‘ஆர்கானிக்’ என்னும் சொல்லின் வரலாற்றைக் காண்போம். வேதியியலில் அச்சொல் கரிமச் சேர்மங்களைக் குறிக்கும். உயிர்ப்பொருள்களில் மட்டுமே அச்சேர்மங்கள் தோன்ற முடியும் என்று அறிஞர்கள் நம்பியிருந்த காலத்தில், 1828-ஆம் ஆண்டு பிரெடெரிக் வோலர் ஆய்வுக்கூடத்தில் யூரியாவை ஆக்கிக் காட்டினார். அன்று முதல் அந்நம்பிக்கை தளர்ந்தது. வேதியியலார் நோக்கில் பாறையெண்ணெயும் ‘ஆர்கானிக்’; பூச்சிக்கொல்லிகளிற் பலவும் ‘ஆர்கானிக்’.

உழவியலில் அச்சொல் கொண்ட பொருளோ வேறு. ஆல்பர்ட் ஹோவர்ட் என்னும் ஆங்கிலேயத் தாவரவியலார் 1905-இல் இந்தியாவுக்கு வந்தார். 1924 முதல் 1931 வரை இந்தூரில் ஆய்வு நிலையம் அமைத்து, சாணத்தையும் செத்தையையும் மக்கவைத்து உரமாக்கும் முறையை வகுத்தார். இந்திய உழவர்களின் பழைய அறிவைத் தம் ஆசானாக அவர் மதித்தார். அவர் தம் நூலை வெளியிட்ட 1940-ஆம் ஆண்டிலேயே, நார்த்போர்ன் பிரபு எழுதிய வேறொரு நூல் ‘ஆர்கானிக்’ என்னும் அடைமொழியை வேளாண்மையோடு இணைத்தது. 1972-இல் பிரான்சு நாட்டின் வெர்சாயில் அனைத்துலக இயற்கை வேளாண்மை இயக்கங்களின் கூட்டமைப்பு தோன்றியது. தமிழகத்தில் 2013-இல் மறைந்த கோ. நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்து இவ்வேளாண்மையைப் பரப்பினார். இந்திய மண்ணின் அறிவைப் பயின்ற ஒருவரால் உருப்பெற்ற கொள்கை, மேனாட்டுப் பெயர் சூடி, விலையுயர்ந்த புட்டியில் ஏறி மீண்டும் நம் கடைக்கு வந்திருப்பது காலத்தின் கோலம் எனலாம்.

தமிழ்மொழி இவ்விடத்தில் நமக்கு ஒரு நன்மையும் ஒரு தொல்லையும் செய்கிறது. வேதியியற் பொருளுக்குக் ‘கரிமம்’ என்றும், வேளாண் பொருளுக்கு ‘இயற்கை’ என்றும் இரு சொற்களைத் தமிழ் தந்துள்ளது, இது நன்மை. ஆனால் ‘இயற்கை’ என்னும் அவ்வொரு சொல்லே, தாவரத்திலிருந்து வந்த பொருள் என்பதையும், வேதி உரமும் செயற்கைப் பூச்சிக்கொல்லியும் இடாமல் விளைந்த பொருள் என்பதையும் ஒருங்கே சுட்டி நிற்கிறது, இது தொல்லை. பூச்சிக்கொல்லி தெளித்த தோட்டத்துச் சீயக்காயும் தாவரப் பொருளே. அதனை ‘இயற்கைப் பொருள்’ எனல் பிழையாகாது. ‘இயற்கை வேளாண்மையில் விளைந்தது’ எனல் பொய்யாகும். தமிழாசிரியர்கள் இவ்வேறுபாட்டை வகுப்பறையில் விளக்கினால், அது சொற்பொருட் பாடமாகவும் வாழ்க்கைப் பாடமாகவும் அமையும்.

ஒரு சிமிழ், மூன்று எண்கள்

உணவுப் பொருள்களுக்கு ‘ஆர்கானிக்’ என்னும் சொல்லை வரையறுப்பதில் நாடுகள் முனைந்தன. அமெரிக்காவில் 2002-ஆம் ஆண்டு அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதிகள், நீரையும் உப்பையும் நீக்கிக் கணக்கிட்டு, 95 விழுக்காடு இயற்கை வேளாண் பொருள் இருந்தால் ‘ஆர்கானிக்’ என்றும், 70 விழுக்காடு இருந்தால் ‘ஆர்கானிக் பொருள்களால் செய்தது’ என்றும் எழுத இசைந்தன. உடற்பூச்சுப் பொருள்களுக்குக் கலிபோர்னியா மாநிலம் 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 70 விழுக்காடு என்னும் எல்லையை இட்டது. ஐரோப்பாவில் ஐந்து அமைப்புகள் கூடி உருவாக்கிய ‘காஸ்மோஸ்’ தரம் 2010-இல் வெளிவந்தது. அது முழுப்பொருளின் எடையில் எத்தனை பங்கு என்பதையும் பெயர்ச்சீட்டில் காட்டச் சொல்கிறது.

மாணவர்க்கு விளங்க ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 100 கிராம் முகப்பூச்சில் நீர் 60 கிராம். இயற்கை வேளாண்மையில் விளைந்த தேங்காயெண்ணெய் 28 கிராம். எண்ணெயையும் நீரையும் இணைப்பதும், கெடாமல் காப்பதும், மணம் தருவதுமான பிற பொருள்கள் 12 கிராம் என்று கொள்வோம். முழு எடையில் கணக்கிட்டால் அதன் இயற்கை வேளாண் பங்கு 28 விழுக்காடு. நீரை நீக்கி, எஞ்சிய 40 கிராமில் கணக்கிட்டால் 70 விழுக்காடு. நீரையும் ‘இயற்கை’யோடு சேர்த்து எண்ணினால் 88 விழுக்காடு. சிமிழ் ஒன்றே, எண்கள் மூன்று. முதல் இரண்டும், எவ்வாறு கணக்கிட்டோம் என்று சொன்னால், நேர்மையானவை. மூன்றாவதை ‘ஆர்கானிக்’ என்று எழுதினால், அது குழாய்நீரை விளைபொருளாக விற்கும் செயலாகும்.

சவர்க்காரத்துக்கும் இது பொருந்தும். எண்ணெயோடு சோடியம் ஹைட்ராக்சைடு என்னும் காரம் சேர்ந்தாலன்றிக் கட்டிச் சவர்க்காரம் உருவாகாது. அக்காரம் வயலில் விளைவதன்று. ஆதலின் ‘நூறு விழுக்காடு ஆர்கானிக் சவர்க்காரம்’ என்னும் தொடர் தன்னைத்தானே மறுக்கிறது. ‘ரசாயனம் கலவாதது’ என்னும் தொடரும் அத்தகையதே. நீரும் ஒரு வேதிப்பொருள்தான் என்பதை இடைநிலைப்பள்ளி மாணவரும் அறிவர்.

பினாங்கின் குரல்

பயனீட்டாளர் உரிமை என்னும் கொள்கையில் பினாங்குக்கு உலகளாவிய பெயர் உண்டு. 1962-ஆம் ஆண்டு மார்ச் 15-ஆம் நாள் அமெரிக்க அதிபர் கென்னடி தம் நாட்டுச் சட்டமன்றத்துக்கு விடுத்த செய்தியில் நான்கு உரிமைகளைக் குறிப்பிட்டார். பாதுகாப்பு, உண்மைத் தகவல், தேர்ந்தெடுக்கும் உரிமை, குறை கேட்கப்பெறும் உரிமை என்பன அவை. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் 1969-இல் தோன்றியது. அதன் தலைவராக நெடுங்காலம் பணியாற்றிய எஸ்.எம். முகமது இத்ரிஸ் 2019-ஆம் ஆண்டு மே மாதம் மறையும்வரை, கலப்படத்தையும் பொய் விளம்பரத்தையும் எதிர்த்து ஓயாது குரல் கொடுத்தார். இத்தீவிலிருந்து எழுந்த அன்வார் பசால் 1978 முதல் 1984 வரை அனைத்துலகப் பயனீட்டாளர் அமைப்பின் தலைவராய் விளங்கினார். மார்ச் 15-ஐ உலகப் பயனீட்டாளர் உரிமை நாளாகக் கொண்டாடும் வழக்கம் 1983-இல் தொடங்கியது. பூச்சிக்கொல்லிகளின் தீங்கை எதிர்க்கும் உலகக் கூட்டியக்கம் 1982-ஆம் ஆண்டு மே மாதம் பினாங்கில் கூடிய மாநாட்டில்தான் பிறந்தது.

அக்காலத்திலேயே கெலுகோர் கல்வியின் களமாகவும் மாறியது. 1969-இல் நிறுவப்பெற்ற பினாங்குப் பல்கலைக்கழகம் முதலில் கெலுகோர்க் குன்றில் இருந்த மலாயா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இயங்கியது. 1971-இல் மிண்டன் வளாகத்துக்குக் குடிபெயர்ந்து, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் என்னும் பெயரோடு இன்றும் கெலுகோரில் வளர்ந்தோங்கி நிற்கிறது. அங்கே 1972 முதல் மருந்தியலும் கற்பிக்கப்படுகிறது. சாதிக்காய்த் தோட்டம் இருந்த ஊரில் ஆசிரியர் பயிற்சியும் மருந்தியல் ஆய்வும் வந்து சேர்ந்தமை சிந்தைக்கு இனிய செய்தியாகும்.

மலேசியச் சட்டத்தின் வழி

மலேசியாவில் 1972-ஆம் ஆண்டின் வணிக விவரிப்புச் சட்டம், பண்டத்தைப் பற்றிப் பொய் உரைப்பதைக் குற்றமாக்கியது. அதன்கீழ் 1975-இல் பிறந்த ஆணை ‘ஹலால்’ என்னும் சொல்லின் பயன்பாட்டை வரையறுத்தது. ஒரு சொல்லைக் காப்பதற்கென்றே ஓர் ஆணை பிறப்பிக்கலாம் என்பதற்கு இது நம் நாட்டிலேயே உள்ள சான்று. 1972-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்த புதிய சட்டம் 2011-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. நோய் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதை 1956-ஆம் ஆண்டின் மருந்து விளம்பர விற்பனைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது.

உணவுத் துறையில், ‘ஆர்கானிக்’ என்று எழுத விரும்புவோர் எம்.எஸ். 1529 என்னும் மலேசியத் தரத்துக்கு இணங்க வேண்டும் என்று உணவு விதிகள் கூறுகின்றன. வேளாண்மைத் துறை 2003-இல் தொடங்கிய சான்றிதழ்த் திட்டம் இப்போது ‘மைஆர்கானிக்’ என்று வழங்கப்படுகிறது. ஆயினும் அத்தரம் உண்ணும் தாவரப் பொருள்களுக்காக எழுதப்பட்டதேயன்றிப் பூசும் பொருளுக்காக எழுதப்பட்டதன்று.

பூசும் பொருள்கள் 1984-ஆம் ஆண்டின் மருந்து மற்றும் அழகுப் பொருள் கட்டுப்பாட்டு விதிகளுக்கு உட்பட்டவை. ஆசியான் நாடுகள் 2003-ஆம் ஆண்டு செப்டம்பர் 2-ஆம் நாள் புனோம்பென் நகரில் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, 2008-ஆம் ஆண்டு சனவரி முதல் மலேசியாவில் அறிவிப்பு முறை நடைமுறைக்கு வந்தது. விற்பனைக்கு வருமுன் ஒவ்வொரு பொருளும் தேசிய மருந்தக ஒழுங்குமுறை நிறுவனத்துக்கு அறிவிக்கப்பட வேண்டும். பெயர்ச்சீட்டில் பொருளின் பெயர், பயன், பயன்படுத்தும் முறை, எடை அல்லது அளவு, தொகுதி எண், நாள் குறிப்பு, பொறுப்பாளரின் பெயரும் முகவரியும் இடம்பெற வேண்டும். கலந்த பொருள்கள் அனைத்தும் எடை மிகுந்ததிலிருந்து குறைந்ததற்கு இறங்குவரிசையில் எழுதப்பட வேண்டும். மூலிகையாயின் அதன் தாவரவியற் பெயரும் வேண்டும். உரைத்த நலனுக்குச் சான்று கைவசம் இருத்தல் வேண்டும். அடியார்க்குநல்லார் மாதவியின் நீராட்டுக்குச் செய்த பணியை இன்று விற்பவர் ஒவ்வொருவரும் செய்ய வேண்டியுள்ளது.

இவ்விதிகள் வீண் தொல்லை அல்ல. முகத்தை வெளுப்பாக்கும் என்று விற்கப்பட்ட பூச்சுகளில் பாதரசம் கண்டறியப்பட்டு, அவற்றின் அறிவிப்பை மலேசியச் சுகாதார அமைச்சு நீக்கிய செய்திகள் பலமுறை வெளிவந்துள்ளன. பாதரசம் சிறுநீரகத்தைத் தாக்கவல்லது. 2013-ஆம் ஆண்டின் மினமாத்தா உடன்படிக்கை, பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் கொண்ட அழகுப் பொருள்களை 2020-க்குள் ஒழிக்க வகைசெய்தது. ‘மூலிகை’ என்னும் முகமூடி அணிந்து வரும் நஞ்சை மணத்தாலோ நிறத்தாலோ அறிய இயலாது.

சிறு விற்பனையாளரின் நிலை

இவ்வளவும் கற்ற பின்னர், ஒரு பெண்மணியின் நிலையை மனத்தில் எண்ணிப் பார்த்தல் நன்று. கெலுகோரின் அடுக்குமாடி வீடொன்றில் வாழும் அவர், தமிழகத்திலிருந்து வந்த சீயக்காயை மளிகைக் கடையில் வாங்கி, காயவைத்து அரைத்துப் பொட்டலமிட்டு விற்கிறார் என்று கொள்வோம். அந்தச் சீயக்காய்க்கு மருந்து தெளித்தார்களா என்பது அவருக்குத் தெரியாது. தெரியாததை எழுத அவர் மனம் ஒப்பவில்லை. ஆதலின் ‘சீயக்காய்த் தூள்’ என்று மட்டும் எழுதுகிறார். பக்கத்துக் கடையிலோ அதே மளிகைக் கடைச் சீயக்காய், ‘நூறு விழுக்காடு ஆர்கானிக்’ என்னும் பளபளப்பான சீட்டோடு இருமடங்கு விலைக்குப் போகிறது. வாங்குவோர் அங்கேயே குவிகின்றனர். மாலையில் நேர்மையாளரின் பெட்டி நிறைந்தே வீடு திரும்புகிறது. அவருடைய பிள்ளைகளின் பள்ளிச் செலவு அப்பெட்டியைப் பொறுத்தது. வாய்மை சோறு போடுமா என்னும் கேள்வி அன்றிரவு அவ்வீட்டில் எழாமல் இருக்குமா?

இந்நிலைக்கு இருவகைத் தீர்வுகள் கூறப்படுகின்றன. சட்டத்தைக் கடுமையாக்கி, சான்றிதழ் இல்லாதார் எவரும் அச்சொல்லை எழுதலாகாது என்று தடுக்க வேண்டும் என்பர் ஒருசாரார். சான்றிதழுக்கு ஆகும் செலவு பெரிய நிறுவனத்துக்குத் துளி, சிறியவருக்கு மலை. ஆதலின் எளியவரை விட்டுவிட வேண்டும் என்பர் மற்றொரு சாரார். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் தோலுக்குச் சிறிய கடை, பெரிய கடை என்னும் வேற்றுமை தெரியாது. சிறியவர் விற்ற பாதரசமும் பாதரசமே.

உலக அனுபவம் நடுவழி ஒன்றைக் காட்டுகிறது. அமெரிக்க விதிகள், ஆண்டுக்கு 5,000 டாலருக்கு மேற்படாமல் இயற்கை வேளாண் பொருள் விற்போர்க்குச் சான்றிதழ் பெறுவதிலிருந்து விலக்கு அளிக்கின்றன. விதிகளைப் பின்பற்றுவதிலிருந்து விலக்கு அளிக்கவில்லை. இந்தியாவில், உழவர்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை மற்றவர் பார்வையிட்டு உறுதி கூறும் பங்கேற்பு உறுதிமுறை பின்பற்றப்படுகிறது. தொலைவிலிருந்து வரும் ஆய்வாளருக்குக் கொடுக்கும் பெருந்தொகை அதனால் மிச்சமாகிறது. அண்டை வீட்டாரின் கண்ணே காவலாகிறது. செலவிலிருந்து எளியவரை விடுவிக்கலாம்; வாய்மையிலிருந்து எவரையும் விடுவிக்கலாகாது என்பதே இவ்விரண்டின் சாரமாகும்.

அவ்வழியில் நிற்க விரும்பும் சிறு விற்பனையாளர் செய்யக்கூடியவை சில உண்டு. அடைமொழியைச் சிமிழுக்குச் சூட்டாமல், உரிய மூலப்பொருளுக்குச் சூட்டலாம். ‘ஆர்கானிக் பூச்சு’ என்பதைவிட ‘இயற்கை வேளாண்மையில் விளைந்த தேங்காயெண்ணெய், முழு எடையில் 28 விழுக்காடு’ என்பது நேர்மையானது. அறிவுடையோர் நம்பத்தக்கதும் அதுவே. மூலப்பொருள் வாங்கிய ரசீதையும், விற்றவர் காட்டிய சான்றிதழின் படியையும் பேணி வைக்கலாம். கெடாமல் காக்கும் பொருள் சேர்த்திருந்தால் அதனை மறைக்காமல் எழுதலாம். நீர் கலந்த பூச்சில் அப்பொருள் இல்லாவிடில் நுண்ணுயிர்கள் பெருகும் என்பதை வாங்குவோர்க்கு எடுத்துரைக்கலாம். நோய் தீரும் என்னும் வாக்குறுதியைத் தவிர்க்கலாம். தெரியாத இடத்தில் மௌனம் காக்கலாம். சீயக்காய் விற்கும் அப்பெண்மணி ஒன்று கூடுதலாகச் செய்யலாம்: ‘சீயக்காய் மட்டும், வேறெதுவும் சேர்க்கப்படவில்லை’ என்று எழுதலாம். அது உண்மை, சாயமும் மணமும் சேர்ந்த பொடிகளின் நடுவே அவ்வுண்மைக்கு ஒரு விலையும் உண்டு.

எனினும் சுமை முழுவதையும் விற்பவர் தோளில் ஏற்றுதல் முறையன்று. வாங்குவோர் படிக்காத பெயர்ச்சீட்டு எவ்வளவு நேர்மையாக எழுதப்பட்டாலும் பயனற்றது. பளபளப்பை நோக்கி ஓடும் கூட்டமே பொய்யை வளர்க்கிறது. நடுவுநிலைமை அதிகாரத்தில் வள்ளுவர், பிறர் பொருளையும் தம் பொருள் போலப் பேணிச் செய்வதே வணிகருக்கு வணிகமாகும் என்றார். அவ்வாறு பேணுவோரை அடையாளம் கண்டு ஆதரிப்பது வாங்குவோரின் கடமையாகும்.

இப்பயிற்சியைத் தமிழ்ப்பள்ளியில் தொடங்கலாம். மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டுக் குளியலறையிலிருந்து காலிச் சிமிழ் ஒன்றைக் கொணர்ந்து, அதன் சீட்டில் முன்பக்கம் பெரிய எழுத்தில் உள்ளதையும் பின்பக்கம் சிறிய எழுத்தில் உள்ளதையும் ஒப்பிட்டுப் படிக்கட்டும். முதலில் நிற்கும் பொருள் எது, புகழப்படும் மூலிகை எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்று எண்ணிப் பார்க்கட்டும். மொழியும் கணக்கும் அறிவியலும் ஒழுக்கமும் ஒரே சிமிழில் கிடைக்கும்.

புகாரின் துறைமுகம் கடலில் மறைந்தது. புலிப்பொறி இட்ட மூட்டைகளும் மறைந்தன. ஆனால் குறைத்துக் கொடாத அவ்வணிகரின் பெயர் இன்றுவரை மறையவில்லை. கெலுகோரின் ஒரு சிறு வீட்டில், மேசை விளக்கின் ஒளியில் அமர்ந்து, எழுதலாமா வேண்டாமா என்று ஒரு சொல்லின் முன் தயங்கும் கை, அவ்வணிகரின் வழித்தோன்றலின் கையே ஆகும். அத்தயக்கத்தைப் படித்தறிந்து மதிக்கும் வாங்குவோர் மறுநாள் காலையில் சந்தையில் இருப்பாராயின், அக்கை பொய் எழுதவேண்டிய நிலை வராது.